தேதி தாண்டும் முன் ஒரு எட்டு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் முடிகின்றன: "அக்கா, தேதி தாண்டிப்போச்சு, இனி என்ன செய்ய?" கடற்கரை நகராட்சி ஒன்றில் 31 வருடம் பிறப்பு இறப்புப் பதிவு ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான். அந்தக் கேள்வி எந்தக் குரலில் வரும் என்பது எனக்கு மனப்பாடம். அதனால் இந்த முறை தேதிகளைப் பற்றி மட்டுமே பேசுவோம்.

தங்கச்சிமடம் வாசகி: என் மாமியார் 4 மாதத்துக்கு முன் வீட்டிலேயே இறந்துபோனார். கோயிலில் அடக்கம் செய்த பதிவு இருக்கிறது. அரசாங்கத்தில் எதுவும் எழுதவில்லை. இப்போது வங்கியில் இறப்புச் சான்று கேட்கிறார்கள். 21 நாள் தாண்டினால் கிடைக்கவே கிடைக்காது என்கிறார்களே, உண்மையா?

கிடைக்கும் அம்மா, பயப்பட வேண்டாம். 21 நாள் என்பது கட்டணமில்லாமல் பதிவதற்கான கெடு. அதைத் தாண்டி 30 நாள் வரை தாமதக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும். 30 நாளுக்கு மேல் ஒரு வருடத்துக்குள் என்றால் மேல் அதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். ஒரு வருடமும் தாண்டிவிட்டால்தான் கோட்டாட்சியரின் உத்தரவு வரை போக வேண்டியிருக்கும். உங்களுக்கு அது ராமநாதபுரம் கோட்டம். நீங்கள் 4 மாதத்தில் நிற்கிறீர்கள். இன்னும் 8 மாதம் இருக்கிறதே என்று நினைக்காமல் இந்த வாரமே போய்விடுங்கள். கோட்டாட்சியர் விசாரணை வரை போனவர்கள் பட்ட அலைச்சலை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

தங்கச்சிமடம் ஊராட்சி என்பதால் நீங்கள் பார்க்க வேண்டியவர் வி.ஏ.ஓ. நகராட்சி என்றால் சுகாதாரப் பிரிவு. கையோடு மாமியாரின் ஆதார், குடும்ப அட்டை, கோயிலில் கொடுத்த அடக்கச் சான்று, கடைசியாகப் பார்த்த டாக்டரின் சீட்டு இருந்தால் அது, தகவல் சொல்லப் போகிறவரின் ஆதார் எல்லாம் எடுத்துப் போங்கள். அனுமதிக்கு யாருக்கு மனு எழுத வேண்டும் என்பதை வி.ஏ.ஓ.விடமே கேட்டு, அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று திரும்பினால் இன்னும் 10 நாள் ஓடிவிடும்.

பெயரைக் கவனியுங்கள். குடும்ப அட்டையில் 'அந்தோணியம்மாள்', ஆதாரில் 'அந்தோணி அம்மாள்', வங்கிப் புத்தகத்தில் வெறும் 'அந்தோணி' என்று இருக்கிற எத்தனையோ பேரை உங்கள் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். பதிவேட்டில் ஏறும் முன், எந்த எழுத்தில் வேண்டும் என்று ஒரு தாளில் பெரிதாக எழுதி நீட்டுங்கள். ஏறிய பிறகு திருத்துவது தனி வேலை.

எல்லோருக்குமாக இன்னொன்று சொல்கிறேன். பதிவு, இறப்பு நடந்த இடத்தில்தான் நடக்கும். குடியிருந்த ஊரில் அல்ல. நம் பக்கத்தில் உடம்புக்கு ரொம்ப முடியாமல் போனால் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது வழக்கம். அங்கே இறந்தால் பதிவு மதுரை மாநகராட்சியில். ஒரு பையன் எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு மாதம் நடந்தான். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் "நாளைக்கு வா" என்று அனுப்பியிருக்கிறார். கடைசியில் என் ஜன்னலுக்கு வந்தபோது அவன் சட்டைப்பையில் நாலாய் மடித்து வைத்திருந்த மருத்துவமனைச் சீட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். மேலேயே மதுரை முத்திரை. அன்று அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "எங்கே இறந்தார்?" என்ற ஒரே கேள்வியை முதல் நாளே நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

கீழக்கரை வாசகி: மகனுக்கு 9 வயது. பிறப்புச் சான்றில் பெயர் இல்லாமலே இருக்கிறது. பிள்ளையின் வாப்பா துபாயில். அவர் வந்த பிறகு பார்க்கலாமா?

அதற்காகக் காத்திருக்காதீர்கள். பிறந்து 12 மாதத்துக்குள் என்றால் பெயர் சேர்க்கக் கட்டணமே இல்லை. அதற்கு மேல் 15 வயது வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். 15 வயது என்பது தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். ஆனால் பத்தாம் வகுப்பு வந்து நிற்கும்போது எத்தனை பெற்றோர் ஓடி வருவார்கள் என்று எனக்குத்தான் தெரியும்.

நகராட்சி சுகாதாரப் பிரிவுக்குப் போய், தகப்பனார் வெளிநாட்டில் இருக்கும்போது அவரிடமிருந்து என்ன கடிதம் வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் ஊருக்கு வரும் வரை வேலையை நிறுத்தத் தேவையில்லை. அதற்கு முன் வீட்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள். நாளைக்குப் பாஸ்போர்ட்டில் எந்த எழுத்துக்கூட்டில் பெயர் வர வேண்டுமோ, அதே எழுத்துக்கூட்டில் இங்கேயும் இருக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் என்றைக்காவது விமானம் ஏறப் போகிறவர்கள். ஓர் எழுத்து மாறினாலும் அங்கே பெரிய சங்கடம்.

கடைசிப் பெண்குழந்தை கைக்குழந்தை என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம் பிறப்புச் சான்றுதான் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. சின்னவளின் பெயரை முதல் பிறந்தநாளுக்குள் சேர்த்துவிடுங்கள்.

ராமநாதபுரம் வாசகர்: சொத்து வரியை மார்ச்சில் மொத்தமாகக் கட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். முன்னாலேயே கட்டினால் தள்ளுபடி உண்டாமே?

உண்டு. வரி அரையாண்டுக் கணக்கு. ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. ஏப்ரல் 30க்குள், அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் குறையும். உச்சவரம்பு 5,000 ரூபாய். கட்டாமல் இழுத்தால் மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். உங்கள் அரையாண்டு வரி 1,800 என்றால் முதல் மாதத்தில் கட்டினால் 90 ரூபாய் மிச்சம். மார்ச் வரை வைத்திருந்தால் அந்த 90ம் போய், மேலே வட்டியும் சேரும். ரசீதில் இன்னும் அப்பா பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பெயர் மாற்றத்துக்கும் இப்போதே மனு போடுங்கள்.

பாம்பன் வாசகி: மீன்பிடித் தடைக்கால நிவாரணம் தெருவில் எல்லோருக்கும் வந்தது, எங்களுக்கு மட்டும் வரவில்லை. போன வருடம்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார்.

உங்கள் கடிதத்தில் காரணம் இருக்கிறது தங்கச்சி. "என் பெயர் இன்னும் தொண்டியில் அப்பா கார்டில்தான் இருக்கிறது, அவர் பெயர் மாமனார் கார்டில் இருக்கிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் சிக்கல். நிவாரணம் குடும்பத்துக்கு ஒன்று. குடும்பம் என்றால் குடும்ப அட்டை. உங்கள் இருவருக்கும் தனி அட்டை இல்லாதவரை அரசுக் கணக்கில் நீங்கள் தனிக் குடும்பம் இல்லை. மாமனாருக்கு வந்த பணத்தோடு அந்த அட்டையின் கணக்கு முடிந்துவிட்டது.

கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் முதலமைச்சர் அறிவித்தார். இது வேண்டுமென்றால் ஏப்ரலில் ஓடிப் பயனில்லை. தை, மாசியிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். முதலில் இரண்டு கார்டிலிருந்தும் பெயர்களை நீக்கி, கல்யாணப் பத்திரிகை, ஆதார், இருப்பிடச் சான்றோடு புது அட்டைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். இழுத்தடித்தால் வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு நேரில் போங்கள். ரேஷன் குறைகளுக்கென்றே வழக்கமாக மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை முகாம் நடக்கும். அங்கே கையில் கார்டோடு போய் நின்றால் வேலை நடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அட்டை வந்ததும் அதன் நகலை மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் மீன்வளத்துறை அலுவலகத்திலும் கொடுத்து, பட்டியலில் பெயர் ஏறிவிட்டதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். "ஏத்திட்டோம், போங்க" என்ற சொல் போதாது. வங்கிக் கணக்கும் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டு வருடம் நீங்களாகப் போடாமலும் எடுக்காமலும் இருந்தால் கணக்கு முடங்கிவிடும். 100 ரூபாய் போட்டு எடுத்து, புத்தகத்தில் வரவு அடித்து வாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் பங்கு 1,500 ரூபாய். மத்திய அரசும் மாநில அரசும் அதே அளவு போட்டு 4,500 ஆகத் திரும்ப வரும். மீனவப் பெண்களுக்கும் இது உண்டு. சங்கத்தில் உறுப்பினராகி, தவணை விடாமல் கட்டுங்கள். ஒரு தவணை தப்பினால் என்ன ஆகும் என்று சங்கத்திலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

தொண்டி வாசகர்: அண்ணன் கடலுக்குப் போய் 3 வருடம் ஆகிறது. வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. உடல் கிடைக்கவில்லை. அண்ணி இன்னும் பொட்டு வைத்துக்கொள்கிறார், நாங்கள் யாரும் எதுவும் சொல்வதில்லை. சான்று எதுவும் இல்லாததால் பிள்ளைகள் பெயரில் ஒன்றும் செய்ய முடியவில்லை. வழி உண்டா அக்கா?

இந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை தம்பி. என் ஜன்னலுக்கும் இப்படி வந்திருக்கிறார்கள். உடலோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் 'இறப்பு' என்று எழுதப் பதிவாளருக்கு அதிகாரம் இல்லை. அதை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் இருந்தேன்.

வழி உண்டு, ஆனால் காலம் ஆகும். ஒருவரைப் பற்றி, இயல்பாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு 7 வருடம் எந்தத் தகவலும் இல்லை என்றால், அவர் இறந்ததாகக் கருதச் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்போது உரிமையியல் நீதிமன்றத்தில் மனு போட்டு, அறிவிப்பு ஆணை வாங்கி, அதைக் கொண்டு இறப்பைப் பதியலாம். உங்களுக்கு இன்னும் 4 வருடம் இருக்கிறது. அதுவரை சும்மா இருந்துவிடாதீர்கள். அன்றைக்குக் கேட்கப்போகும் தாள்கள் எல்லாம் இன்றைக்குத்தான் எளிதாகக் கிடைக்கும்.

புகார் கொடுத்தபோது போட்ட எஃப்.ஐ.ஆர். நகல் இருக்கிறதா என்று பாருங்கள். புகார் கொடுத்தவருக்கு அது இலவசமாகத் தர வேண்டிய ஒன்று. தொலைந்திருந்தால் இப்போதே மறுபடி வாங்குங்கள். தேடியும் கிடைக்கவில்லை என்று காவல்துறை கொடுக்கும் அறிக்கை, மீன்வளத்துறைக்கு அன்று கொடுத்த தகவலின் நகல், சங்கத்தின் கடிதம், வள்ளத்தின் பதிவுத் தாள், பத்திரிகையில் செய்தி வந்திருந்தால் அந்தப் பக்கம், இவ்வளவும் ஓர் உறையில் சேரட்டும். அன்று பக்கத்து வள்ளத்தில் போனவர்கள், கடைசியாக அவரைப் பார்த்தவர்கள் இருப்பார்கள் அல்லவா? அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கிவையுங்கள். எந்த இடத்தில், என்ன நேரம், காற்று எந்தப் பக்கம் இருந்தது என்பதெல்லாம் இன்றைக்கு அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 4 வருடம் கழித்து ஆளே ஊரில் இல்லாமல் போகலாம்.

குடும்ப அட்டையிலோ வேறு எங்குமோ, வேலை சீக்கிரம் நடக்கும் என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக 'இறந்துவிட்டார்' என்று எழுதிக் கொடுத்துப் பெயரை நீக்கிவிடாதீர்கள். ஒரு தாளில் ஒரு தேதியும் இன்னொரு தாளில் இன்னொரு தேதியும் வந்துவிட்டால் நாளைக்கு நீதிமன்றத்தில் அண்ணிதான் பதில் சொல்ல வேண்டும். எங்கும் 'கடலில் காணாமல் போனார்' என்றே எழுதுங்கள். விபத்துக் காப்பீட்டில் அண்ணன் பெயர் இருந்ததா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டு, இருந்தால் உரிமை கோரும் மனுவை இப்போதே கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி 15100. அண்ணியை நேரில் கூட்டிப் போங்கள். அவர் அங்கே உட்கார்ந்து தன் வாயால் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். பொட்டைப் பற்றி யாரும் எதுவும் சொல்லாமல் இருக்கிறீர்களே, உங்கள் வீட்டார் எல்லோரையும் நான் வணங்குகிறேன்.

கடலுக்குப் போகிற ஆள் இருக்கிற மற்ற வீடுகளுக்கும் சொல்கிறேன். திரும்ப வேண்டிய நேரத்துக்குத் திரும்பவில்லை என்றால் மறுநாள் காலை வரை பார்க்காதீர்கள். தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554. இரண்டையும் அடுப்படிச் சுவரில் எழுதிவையுங்கள்.

ஏர்வாடி வாசகர்: திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்து 3 மாதம் ஆகிறது. தெருவிளக்கு இன்னும் எரியவில்லை.

மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டு வைத்திருக்கிறீர்களா? அது இருந்தால் 1100 எண்ணில் அழைத்து நிலையைக் கேட்கலாம். அப்புறம், தகவல் உரிமைச் சட்டத்தில் "என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் சரிவரவில்லை என்றால் 90 நாளுக்குள் இரண்டாவது. இங்கேயும் கெடு இருப்பதால் தபால் ரசீதைக் காலண்டர் ஆணியிலேயே குத்திவையுங்கள். ஊராட்சி விஷயம் என்றால் கிராமசபையிலும் எழுந்து கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு 6 நாள் இருக்கிறது. கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

மண்டபம் வாசகி: மகளுக்கு ஜூனில் 18 முடிகிறது. ஓட்டுக்கு அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். ஜனவரி 1 மட்டும் என்பது பழைய கதை. இப்போது ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் தகுதி நாட்கள். 17 முடிந்தாலே பெயர் சேர்க்கும் படிவம் 6ஐ முன்கூட்டிக் கொடுக்கலாம். சந்தேகம் இருந்தால் 1950 எண்ணில் அழையுங்கள். உங்கள் மற்ற இரண்டு கேள்விகளுக்கு: கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை. மின் கட்டணத்துக்குக் கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள்.

ராமேசுவரம் வாசகி: 2024 நவம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து பத்திரம், சான்றிதழ் எல்லாம் நனைந்துவிட்டன. இனி எப்படிப் பாதுகாப்பது? லேமினேஷன் செய்துவிடலாமா?

உங்கள் கேள்விக்கு என் அம்மாவை நினைக்காமல் என்னால் பதில் சொல்ல முடியாது. 1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை அள்ளிக்கொண்டு போனபோது எங்கள் குடும்பம் அங்கே இருந்தது. எனக்கு 2 வயது. அம்மா என்னை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார். தகரப்பெட்டி போய்விட்டது. பிறகு முதியோர் உதவித்தொகைக்கு வயதுக்கு ஆதாரம் கேட்டபோது அம்மாவிடம் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. அரசு மருத்துவர் பார்த்து 'சுமார் 65' என்று எழுதிக் கொடுத்தார். அந்த 'சுமார்'தான் கடைசி வரை அம்மாவின் வயது. என் பிறந்தநாளும் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் போட்ட தேதிதான்.

லேமினேஷன் வேண்டாம். முத்திரையையும் தாளையும் தடவிப் பார்க்க வேண்டிய இடத்தில் ஒட்டிய தாளை வாங்கத் தயங்குவார்கள். ஒருமுறை ஒட்டியதைப் பிரிக்கவும் முடியாது. வாய் மூடும் பிளாஸ்டிக் உறை போதும், தாளுக்கு ஓர் உறை. குண்டூசி, ஸ்டேப்ளர் எதுவும் குத்தாதீர்கள். நம் ஊர் உப்புக்காற்றில் ஒரே மழைக்காலத்தில் ஊசி துருப்பிடித்து, சுற்றிலும் பழுப்புக் கறை ஏறி, மறுவருடம் தொட்டால் அந்த இடம் மட்டும் பொடியாக உதிரும். எங்கள் பதிவேடுகளிலேயே அப்படிப் பெயர்கள் போயிருக்கின்றன. சேர்த்துக் கட்ட நூல் கயிறு போதும்.

நனைந்தவற்றில் பிறப்பு, இறப்புச் சான்றுகளுக்குப் பதிவு செய்த இடத்திலேயே மறுபடி நகல் கிடைக்கும். பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். பள்ளிச் சான்றிதழ்களுக்குப் படித்த பள்ளியில் தொடங்குங்கள். இதையெல்லாம் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி பிறந்தால் மழை நம்மைக் கேட்டுக்கொண்டு வராது. எல்லாத் தாளையும் போட்டோ எடுத்து, மதுரையிலோ சென்னையிலோ இருக்கிற உறவினர் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். டிஜிலாக்கரில் வருவதை அதிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உறைகளை ஒரே பையில் போட்டு, பரணில் வைக்காமல், வாசற்கதவுக்கு உள்பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் ஓர் ஆணி அடித்து மாட்டுங்கள். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய செய்தி வந்த அன்று அதை இறக்கி, பிள்ளைகளின் பள்ளிப்பை பக்கத்தில் வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. அதைப் பையின் மேலேயே மார்க்கரில் எழுதிவிடுங்கள்.